அப்பாவுக்குப் பிடிக்காத கத்தி

தானியேலின் பட்டறையில் கோடரி அடித்தார்கள், அரிவாள் அடித்தார்கள், திராட்சைக் கொடி கழிக்கும் வளைகத்தி அடித்தார்கள். விளையாட்டுச் சாமான் அடிக்கிற வழக்கம் அங்கே இல்லை. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில், சவோய் வட்டாரத்தில், மோரியென் பள்ளத்தாக்குக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்த ஜெவூதா என்ற சிற்றூர் அது. தானியேலின் அப்பா விக்டர்–அமதே ஆணி அடித்து, மூட்டை கட்டி, மலையூர்களில் விற்றுப் பிழைத்தவர். 1800வாக்கில் அவர் மூட்டிய உலை, மகன் காலத்தில் வெட்டுக் கருவிகளுக்குப் பேர்போன பட்டறையாக வளர்ந்திருந்தது. 1872ல் பிறந்த பேரன் ஜோசப்பும் துருத்தி ஊதி, சம்மட்டி பிடித்து, அதே தொழிலைக் கற்றுக்கொண்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1890ல், பதினெட்டு வயதில், வேலை ஓய்ந்த நேரங்களில் பையன் ஒரு மூலையில் உட்கார்ந்து வேறு எதையோ இழைக்க ஆரம்பித்தான்.

அது ஒரு மடக்குக் கத்தி. உருட்டிய மரத்துண்டில் நீளமாக ஒரு பிளவு, அந்தப் பிளவுக்குள் மடங்கிப் படுத்துக்கொள்ளும் ஓர் அலகு, இரண்டையும் சேர்க்கும் கடையாணி. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடு மேய்க்கப் போகலாம். ரொட்டி அறுக்கலாம், பாலாடைக்கட்டி சீவலாம், குச்சி செதுக்கலாம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கோடரி ஒன்று விற்றால் வீட்டில் உலை கொதிக்கும். பையில் போட்டுக்கொள்ளும் இந்தத் துண்டுக் கத்தியில் என்ன கிடைக்கும்? நேரத்துக்குப் பிடித்த கேடு என்பது அவர் கட்சி.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மடக்குக் கத்தி அப்போதே அரதப் பழசு. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட்டில் கிடைத்த, எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்திக்கு வயது சுமார் 2,500. ரோமானியர்களும் மடக்கினார்கள். நம் பக்கத்திலும் மடக்கினார்கள்: மடக்கெழுத்தாணி என்ற ஒன்று இருந்ததை உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் பதிந்திருக்கிறார். மரத்திலோ தந்தத்திலோ மாட்டுக்கொம்பிலோ பிடி. சிலவற்றில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வார ஒரு சின்னக் கத்தி. வேலை முடிந்தால் இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். கிராமக் கணக்குப்பிள்ளையின் இடுப்பில் சொருகியிருந்த அந்தச் சாமானை நம்முடைய முதல் பேனாக்கத்தி என்று சொன்னால் தப்பில்லை. பிரான்சிலோ கேட்கவே வேண்டாம். தியேர் என்ற நகரமே கத்தித் தொழிலில் வாழ்ந்தது. லகியோல் என்ற மலையூர் 1829லிருந்தே தன் பெயரில் ஒரு மடக்குக் கத்தியை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. இத்தனை பேருக்கு நடுவே, பனிக்காலத்தில் பாதை அடைபட்டுப் போகும் ஒரு மலைக் கிராமத்துப் பையன் எந்தச் சந்தையில் கடை விரிப்பது?

ஆனால் ஜோசப் பட்டறையோடு அடங்குகிற ஆள் இல்லை. இயந்திரம் என்றால் அவனுக்குப் பைத்தியம். தானே ஒரு காமிரா செய்துகொண்டு, சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்குப் போட்டோ பிடிக்கப் போனவன். அப்பா திட்டினாலும் கத்தியை விடவில்லை. நண்பர்களுக்கு ஒன்றிரண்டு செய்து கொடுத்தான். வாங்கியவன் கையில் பார்த்த இன்னொருவன் தனக்கும் கேட்டான். குடியானவர்களுக்கு அலங்காரக் கத்தி வேண்டியிருக்கவில்லை. கெட்டுப்போனால் மனசு நோகாத விலையில், நன்றாக வெட்டுகிற ஒன்றுதான் வேண்டியிருந்தது. கேட்பவர் எண்ணிக்கை கூடக் கூட, பையன் ஒரு முடிவுக்கு வந்தான். பட்டறை எதைச் செய்கிறதோ செய்யட்டும், தான் இனிமேல் கத்திதான்.

அதே சமயத்தில், அதே ஆல்ப்ஸின் இன்னொரு மடிப்பில், இன்னொருவர் மடக்குக் கத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது ஜோசப்புக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சுவிட்சர்லாந்தின் ஈபாக்கில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்சனர், 1891ல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுத்தார். ஜெர்மனியின் சோலிங்கன் ஆலைகள் அதைவிட மலிவாகக் கொடுக்க, எல்சனர் கடனில் மூழ்கும் அளவுக்குப் போனார். ஒரு கத்திக்குள் இன்னும் எத்தனை கருவியை அடைக்கலாம் என்று யோசித்து அவர் 1897ல் பதிவு செய்ததுதான் பிறகு உலகம் முழுக்கச் சிவப்புப் பிடியோடு சுற்றிய சுவிஸ் கத்தி. திருகாணி திருப்பி, தக்கைத் திருகி, டப்பாத் திறப்பான், கத்தரி, ரம்பம் என்று அதில் கருவிகள் கூடிக்கொண்டே போயின. ஜோசப் போன வழி நேர் எதிர். அவருடைய கத்தியில் அலகைத் தவிர ஒன்றுமில்லை. திருகாணி வேண்டுமென்றால் திருகாணி திருப்பியை வாங்கிக்கொள்ளட்டும் என்பதுபோல ஒரு பிடிவாதம். எல்சனர் பதிவு செய்த அதே 1897ல் இவர் செய்தது வேறு காரியம்: ஒரே கத்தியைப் பன்னிரண்டு அளவுகளில் அடித்து, 1 முதல் 12 வரை எண் போட்டார். எண் 1க்கு அலகு 2 சென்டிமீட்டர். சங்கிலியில் கோத்துத் தொங்கவிடும் பொம்மைபோல இருந்தது. எண் 12க்கு 12 சென்டிமீட்டர். குழந்தைக்கும் உண்டு, கசாப்புக்காரருக்கும் உண்டு. சரக்கு தயார். ஆனால் கையால் இத்தனை பிடிகளை அறுத்துக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது.

சிக்கல் எஃகில் இல்லை, மரத்தில் இருந்தது. அலகைச் சம்மட்டி பார்த்துக்கொள்ளும். அது மூன்று தலைமுறைப் பழக்கம். பிடிதான் கழுத்தை அறுத்தது. உருண்டையாகக் கடைந்த மரத்தில், நடுவாக, கோணாமல், அலகின் கனத்துக்குச் சரியாகப் பிளவு போட வேண்டும். ஒரு மயிரிழை அகலமானால் அலகு ஆடும். ஒரு மயிரிழை குறுகினால் சிக்கும். பக்கவாட்டில் விலகினால் மரம் பிளந்தே போகும். தியேர் நகரத்துக் கத்திக்காரர்கள் இரண்டு தட்டுகளை இரும்புச் சட்டத்தின் இருபுறமும் வைத்து ஆணி அடித்து இந்தத் தொல்லையைத் தாண்டியிருந்தார்கள். அதற்குப் பாகமும் அதிகம், கூலியும் அதிகம். ஒரே கட்டையில் பிடி என்பதை ஜோசப் விட்டுக்கொடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு, ஜெவூதா பாலத்தடியில் சின்னதாக ஒரு தொழிற்சாலை கட்டி, பிடி அறுப்பதற்கென்றே தானே ஓர் இயந்திரத்தை வடிவமைத்து நிறுத்தினார். காமிரா செய்த கை அங்கே வேலைக்கு வந்தது. பிடிகள் குவிய ஆரம்பித்தன. கத்தியின் விலை ஏழை கைக்கு எட்டும்படி நின்றதற்குக் காரணம் அந்த ஒற்றை இயந்திரம்தான். இப்போது குவிந்ததை மலையிலிருந்து இறக்க ஆள் வேண்டும்.

அதற்கான ஏற்பாட்டை, அவர் பிறப்பதற்கு முந்தின வருஷமே யாரோ செய்து வைத்திருந்தார்கள். 1871ல் ஃப்ரேஜூஸ் மலையைக் குடைந்து பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் ரயில் சுரங்கம் திறந்தது. உலகின் முதல் பெரிய மலைச் சுரங்கங்களில் ஒன்றான அதற்குப் போகிற தண்டவாளம், ஜோசப்பின் கிராமத்துக்குக் கீழே, மோரியென் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஓடியது. வண்டியோட்டிகள், பாதை பழுது பார்ப்பவர்கள், சாமான் ஏற்றுபவர்கள் என்று அத்தனை பேருக்கும் மத்தியான ரொட்டிக்கு ஒரு கத்தி தேவைப்பட்டது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு லியோன் பக்கமும் டூரின் பக்கமும் போனார்கள். தாத்தா காலத்திலிருந்து பழகிய மூட்டை வியாபாரிகளும் சந்தைக்குச் சந்தை கொண்டுபோனார்கள். விளம்பரத்துக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் புகழ் பரவினால் போலியும் கூடவே வருமே.

பிரான்சில் 1565லேயே ஒன்பதாம் சார்ல்ஸ் மன்னர், கத்தி செய்யும் ஒவ்வொருவரும் தன் சரக்கில் தனி முத்திரை குத்த வேண்டும் என்று ஆணை போட்டிருந்தார். ஜோசப் 1909ல் அந்த மரபுப்படி தன் சின்னத்தைப் பதிவு செய்தார்: ஆசீர்வதிக்கும் ஒரு கை, அதன்மேல் ஒரு கிரீடம். கை, பக்கத்து நகரமான சான்–ஜான்–த–மோரியெனின் சின்னத்திலிருந்து வந்தது. திருமுழுக்கு யோவானின் மூன்று விரல்களை ஆறாம் நூற்றாண்டில் தெக்லா என்ற புனிதப் பெண் அலெக்சாந்திரியாவிலிருந்து அந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. ஊர்ப் பெயரிலேயே யோவான் உட்கார்ந்திருக்கிறார். கிரீடம், சவோய் பழைய சிற்றரசு என்பதன் அடையாளம். சவோய் பிரான்சோடு நிலையாகச் சேர்ந்தது 1860ல்தான். இரண்டு வருஷம் கழித்து, 1911ல், டூரின் நகரத்தில் நடந்த ஆல்ப்ஸ் கண்காட்சியில் அந்தக் கைச் சின்னக் கத்திக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்பா வேண்டாமென்ற கத்தி மேடையேறிவிட்டது. அதோடு கதை சுபமாக முடிந்திருக்கும், ஐரோப்பா சண்டைக்குப் போகாமல் இருந்திருந்தால்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1915ல், ஜோசப் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஷாம்பெரி நகரத்தை ஒட்டிய கொன்யான் என்ற ஊரில் ஒரு பழைய தோல் பதனிடும் ஆலையை விலைக்கு வாங்கினார். மலையை விட்டு இறங்கினால்தான் எஃகும் மரமும் வந்து சேரவும் கத்திகள் வெளியே போகவும் ரயில் வசதி கிடைக்கும். போர் முடிந்து, மகன்கள் மார்செலும் லெயோனும் தொழிலுக்குத் தோள் கொடுக்க, கொன்யான் ஆலை முழு மூச்சில் ஓடியது. மரத்தூளும் உலையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் என்ன நடக்கக் கூடாதோ அது 1926ல் நடந்தது. தொழிற்சாலையைத் தீ தின்றுவிட்டது.

வேறொருவராக இருந்தால் காப்பாற்றிய காசோடு ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர்கள் சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். சில வருஷத்தில் பழைய கணக்கையும் சரிபார்த்தார்கள். சங்கிலியில் தொங்கிய எண் 1 எதற்கும் உதவாத அளவுக்குச் சின்னது. எண் 11, 10க்கும் 12க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு யாருக்கும் வேண்டாததாக நின்றது. இரண்டையும் நிறுத்தினார்கள். இன்றைக்கும் வரிசை 2ல் தொடங்கி, 10க்குப் பிறகு ஒரு பல் விழுந்ததுபோல 12க்குத் தாவுகிறது. இரண்டாம் உலகப் போர் மூளும் முன்பே 2 கோடிக் கத்திகள் விற்றிருந்தன. ஆனால் அந்த 2 கோடியிலும் ஒரே குறை ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் ரத்தம் சிந்தித்தான் கண்டுபிடித்தார்கள்.

அலகைத் திறந்தால் அதை நிறுத்திப் பிடிக்க எதுவுமே கிடையாது. மரத்தின் இறுக்கம் ஒன்றுதான் காவல். மரம் காய்ந்து சுருங்கினாலோ, கத்தியின் முனையைக் குத்தி அழுத்தினாலோ, அலகு படக்கென்று மடங்கி விரல்மேல் விழும். அறுபத்தைந்து வருஷம் இதைப் பெரிய குறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கத்தி என்றால் கடிக்கும், அவ்வளவுதான். 1955ல் மார்செல் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். வில்லும் கிடையாது, பொத்தானும் கிடையாது. பிடியின் கழுத்தில் ஏற்கெனவே இருந்த பூணுக்குமேல் இன்னொரு வளையம், அதில் ஒரு வெட்டு. வெட்டும் பிளவும் நேராக நின்றால் அலகு போய்வரும். அலகைத் திறந்துவிட்டு வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு திருகு திருகினால் வாசல் அடைபட்டுவிடும். அலகு பின்னால் வர வழியில்லை. விரோபிளாக் என்று பெயர் வைத்தார்கள். 2000ல் இன்னும் கொஞ்சம் திருத்தி, மடக்கிய நிலையிலும் பூட்டும்படி செய்தார்கள். இத்தனை எளிய ஒரு வளையத்துக்கு 65 வருஷம் ஆனதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய ஆச்சரியம்.

இங்கே நம் நாட்டுக் கிளைக்கதை ஒன்று. மடக்குக் கத்தி என்றதும் நமக்குச் சினிமா வில்லன்தான் முதலில் எட்டிப் பார்க்கிறான். உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்திக்கும் பூட்டு உண்டு. ஆனால் அந்தப் பூட்டின் சத்தமே பாதி மிரட்டலை முடித்துவிடும். கத்தியால் வந்த கெட்ட பேரைச் சுமந்த ராம்பூர், 2023ல் அதையே 6.10 மீட்டர் உயரத்துக்குச் சிலையாக நாற்சந்தியில் நிறுத்திப் பெருமைப்பட்டுக்கொண்டது. சவோய்க் கத்தியின் வளையம் சத்தமே போடாது. அதனால்தானோ என்னவோ, நான் பார்த்த எந்தப் படத்திலும் அது வில்லனுக்கு வாய்க்கவில்லை.

ஜோசப் 1960ல் இறந்தார். வளையம் மாட்டிய கத்தியைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பிறகு வந்த பெருமைகளை அவர் பார்க்கவில்லை. 1985ல் லண்டனின் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் மிகச் சிறந்த வடிவமைப்புள்ள 100 பொருட்களைத் தேர்ந்தெடுத்தபோது, போர்ஷே 911 காரும் ரோலக்ஸ் கைக்கடிகாரமும் இருந்த பட்டியலில் இந்த மரப்பிடிக் கத்தியும் இடம் பிடித்தது. 1989ல் லரூஸ் பிரெஞ்சு அகராதி அதன் பெயரை ஒரு சாதாரணச் சொல்லாகவே சேர்த்துக்கொண்டது. ஆணி அடித்து மூட்டை சுமந்த விக்டர்–அமதேயின் குடும்பப் பெயர்தான் அது: ஒபினெல்.

கத்திப் பிரியர்கள் பலரும் ஒரு தடவையாவது வாங்கிப் போட்டிருக்கும் அதே ஒபினெல். ஆனால் அருங்காட்சியகமும் அகராதியும் கணக்கில் எடுக்காத ஒரு வேலை வீடுகளில் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. வாங்கியவர்கள் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. பிடியின் மேல்பூச்சைச் சுரண்டினார்கள். பின்பக்கத்தைத் தங்கள் உள்ளங்கைக்குத் தகுந்தபடி அறுத்தார்கள். சூட்டுக்கோலால் பூ வரைந்தார்கள், பெயர் பொறித்தார்கள், கயிறு கோக்க ஓட்டை போட்டார்கள். சிலர் பிடியையே தூக்கி எறிந்துவிட்டு வேறு மரத்தில் புதிதாகச் செதுக்கிப் போட்டார்கள். வேறு எந்தக் கத்திக்கும் இந்தப் பாக்கியம் இந்த அளவுக்கு வாய்க்கவில்லை. காரணம் எளிது: மொத்தமே ஐந்து உருப்படி. அலகு, பிடி, பூண், கடையாணி, சுழல் வளையம். கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லாத விலை. கடையாணித் தலையை அரத்தால் ராவினால் எல்லாம் கழன்று மேசைமேல் வந்துவிடும். விலையைக் குறைப்பதற்காக ஜோசப் கழித்துக்கட்டிய ஒவ்வொன்றும், கடைசியில், வாங்கியவன் கை வைக்க விட்ட இடமாகிப் போயிற்று. இந்தப் பழக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுவனம் என்ன செய்தது என்று தெரிந்தால் தானியேல் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பிடியைச் செதுக்காமல், முரட்டுக் கட்டையாகவே அலகோடு சேர்த்து, மீதியை வீட்டில் செய்துகொள்ளட்டும் என்று விற்க ஆரம்பித்தது!

இனி என் கையிலிருக்கும் ஒபினெலோடு நாயுடுபேட்டைக்கு வரலாம். ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையில், 2022 வரை நெல்லூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் இருக்கிற ஊர். ஒரு பக்கம் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குப் போகிற சாலை. பழவேற்காடு ஏரியும் கடலும் தொலைவில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே அலமாரிக் கதவே மூடாது. பிரெஞ்சுக் காட்டு பீச் மரம் எப்படித் தாங்கும்? ஆல்ப்ஸின் குளிர்ந்த காற்றுக்குப் பழகிய பிடி, நாயுடுபேட்டை ஈரத்தைக் குடித்து உப்பி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நகம் வைத்து இழுத்தால் நகம்தான் போகும். சவோய்க்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய கைவைத்தியம் உண்டு: பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு மெல்ல எட்டிப் பார்க்கும், பிறகு விரலால் இழுத்துக்கொள்ளலாம். தட்டித் தட்டி எத்தனை நாள் ஓட்டுவது? வளையத்தைக் கழற்றி, உப்புத்தாளை மடித்துப் பிளவுக்குள் விட்டு, கழுத்தருகே இரண்டு உள்சுவரையும் சமமாகத் தேய்த்து, கடையாணிப் பக்கம் உருகிய மெழுகுவத்தி இரண்டு சொட்டு விட்டதும் அலகு வழிக்கு வந்தது. அத்தோடு அடுத்த தலைவலி: துரு.

மலிவான ஒபினெலின் அலகு எவர்சில்வர் இல்லை, கார்பன் எஃகு. எவர்சில்வர் அலகும் கிடைக்கும். ஆனால் கார்பன் எஃகு சுலபமாகச் சாணை ஏறும் என்பதால் வேலை தெரிந்தவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் விடிவதற்குள் செம்புள்ளி. மேலைநாட்டில் இதற்கு வினிகரிலும் கடுகு விழுதிலும் அலகை ஊறவைத்து, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சுப் படியவிடுகிறார்கள். அந்தக் கறுப்பு, சிவப்புத் துருவைக் கிட்டே நெருங்க விடாது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. வாழைக்காயும் மாங்காயும் நறுக்கி நறுக்கிக் கறுத்துப்போன பழைய அரிவாள்மனையில் துரு ஏறி யார் பார்த்தது? கெட்டியாகக் கரைத்த புளியை அலகில் அப்பி அரைமணி நேரம் விட்டதில், முதலில் நீலம் ஓடி, பிறகு மேகம்போலச் சாம்பல் படர்ந்தது. கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. அலகுக்கு அது போதும். பிடிக்குத் தேங்காய் எண்ணெய் உதவாது, ஏனென்றால் அது இறுகாது, பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். காற்றுப் பட்டால் இறுகுகிற ஆளிவிதை எண்ணெய்தான் பிடிக்குச் சரி. மெல்லிசாகத் தடவி, துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி தடவ வேண்டும். ஆனால் எண்ணெய் குடித்த பீச் மரமும் பீச் மரம்தானே. அடுத்த மழையில் அது மறுபடி உப்பத்தான் செய்தது. மரத்தையே மாற்றினால் என்ன?

திருப்பதிப் பக்கம் இருந்துகொண்டு மரம் என்று யோசித்தால் மனசு நேரே சேஷாசலம் மலைக்குத்தான் ஓடும். செம்மரம் இயற்கையாக வளர்வது அந்த மலையிலும் அதை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் மட்டும்தான். தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம், ரத்தச் சிவப்பு. ஜப்பானியர் தங்கள் ஷாமிசென் நரம்பிசைக் கருவிக்குக் கழுத்துச் செய்ய விரும்பித் தேடும் மரம். கத்திப் பிடிக்கு அதைவிட அழகான கட்டை கிடைக்காது. ஆனால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டும். 1995லிருந்து அது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆந்திர வனத்துறையின் முத்திரையும் அனுமதிச் சீட்டும் இல்லாத துண்டு வைத்திருப்பதே வில்லங்கம். 2015 ஏப்ரலில் அதே சேஷாசலக் காட்டில் தமிழகத்திலிருந்து போன 20 தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கத்திப் பிடிக்கு அழகு சேர்க்கத் தேடிப் போகிற மரமில்லை அது. காளஹஸ்தியிலிருந்து திருப்பதி போகும் வழியில், ஏர்ப்பேடு மண்டலத்து மாதவமாலாவில், மரச்சிற்பம் செதுக்கும் குடும்பங்கள் ஊர் நிறைய இருக்கின்றன. அவர்கள் உளியைப் பிடிக்கிற அழகைப் பார்த்துவிட்டு வரலாம்; கட்டைக்கு வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

அந்த இடம் வீட்டு வாசலிலேயே இருந்தது. 1877ல், ஜோசப் ஐந்து வயதுப் பையனாக ஜெவூதாவில் ஓடிக்கொண்டிருந்தபோது, இங்கே கடப்பைப் பக்கத்தில் ஜமைக்காவிலிருந்து வரவழைத்த ஒரு மரத்தின் விதையை விதைத்தார்கள். விறகுப் பஞ்சத்துக்கு உதவும் என்று கொண்டுவந்த அந்த மரம் ஏரி, கண்மாய், ரயில் ஓரம், தரிசு என்று ஒன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டது. நாம் சீமைக்கருவேலம் என்கிறோம். நாயுடுபேட்டையில் சர்க்கார் தும்ம என்று சொல்லித் திட்டுகிறார்கள். முள்ளால் குத்தும், நிலத்தடி நீரைக் குடிக்கும் என்று நீதிமன்றம் வரை வழக்குப் போன மரம். ஆனால் அதன் வயிற்றைக் கீறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், உள்ளே செம்பழுப்பு வைரம் பாய்ந்த கட்டை இருப்பது. இந்தக் குடும்பத்து மரங்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் மற்ற மரங்கள் அளவுக்கு உப்பவும் சுருங்கவும் செய்யாது. அமெரிக்காவில் இதன் சொந்தக்கார மரமான மெஸ்கீட்டில் தரைப்பலகையும் நாற்காலியும் கத்திப் பிடியும் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். நாம் அடுப்பில் வைக்கிறோம், கரி மூட்டம் போடுகிறோம்.

பச்சைக் கட்டை ஆகாது, வெடித்துவிடும். நன்றாகக் காய்ந்த, புழு துளைக்காத, நேர் ரேகை ஓடுகிற ஒரு துண்டு வேண்டும். எண் 8 கத்தியின் பழைய பிடியை அதன்மேல் படுக்கவைத்துப் பென்சிலால் வரைந்து, வாளால் அறுத்து, அரத்தால் உருட்டினேன். முதலில் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120, 240, கடைசியில் 400. ஜோசப்பை இயந்திரம் செய்ய வைத்த அந்தப் பிளவுதான் இங்கேயும் வேலை வாங்கியது. அலகின் கனத்துக்கு ஒத்த ரம்பம் கிடைக்காமல், இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு இரண்டைச் சேர்த்துக் கட்டி அறுத்தேன். கோணாமல் போனதற்கு என் திறமையைவிட மரத்தின் இறுக்கம்தான் காரணம். அலகு மடங்கினால் நகம் வைத்து இழுக்கும் பள்ளம் வெளியே தெரிகிற ஆழத்தில் பிளவை நிறுத்த வேண்டும். அதற்குமேல் வெட்டினால் பிடியின் முதுகு மெலிந்துவிடும். கழுத்தைப் பூணின் உள்விட்டத்துக்கு இறக்கி, பூணை இறுக்கித் தட்டி மாட்டியாயிற்று. பழைய கடையாணி அரத்தில் போய்விட்டதால், எலெக்ட்ரிகல் கடையில் வாங்கிய பித்தளைக் கம்பியில் அளவாக வெட்டி, இருபக்கமும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டித் தலை விரித்தேன். கடைசியாகச் சுழல் வளையம். புளியில் கறுத்த அலகு, ஆளிவிதை எண்ணெயில் ஊறிச் சிவந்த பிடி. அந்த வருஷக் கார்த்திகை மழைக்கு அது சிக்கவில்லை.

பிடிக்கான கட்டையை விறகுக்கடையில்தான் பொறுக்கினேன். எடைத் தராசில் வைக்கப் போனால் கடைக்காரர் சிரித்துவிட்டார். அரைக் கிலோகூட இல்லாத துண்டுக்கு அவர் காசு வாங்கவில்லை.